“அமெச்சூர்” பந்தயமும் நமது ஆற்றங்கரையும்

சமீப காலமாக நமது நாட்டில் படித்த வாலிபர்களிடத்திலும் பெரிய உத்தியோகஸ்தர்களிடத்திலும் “ட்ரையத்லான்” என்கின்ற ஒரு பந்தயத்தைப் பற்றிய பேச்சு அதிகமாக அடிபட்டு வருகின்றது. அதாவது ஒரே நாளில் முதலில் நீந்தி, கரையேறி உடனே சைக்கிள் மிதித்து, சைக்கிளை விட்டு இறங்கி உடனே ஓடி முடிக்க வேண்டியது. இதில் நீண்ட தூரப் பந்தயத்துக்கு “அயர்ன்மேன்”, அதாவது இரும்பு மனிதன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீச்சல் 3.8 கிலோ மீட்டர், சைக்கிள் 180 கிலோ மீட்டர், ஓட்டம் 42.2 கிலோ மீட்டர். நம் ஜில்லாக்காரர்களுக்கு விளங்கும்படியாகச் சொல்வதானால், மலைக்கோட்டை அடியிலிருந்து ஸ்ரீரங்கம் கோயில் வாசல் வரைக்கும் ஏறக்குறைய எவ்வளவு தூரமோ அவ்வளவு நீந்திவிட்டு, திருச்சியிலிருந்து கும்பகோணம் போய்த் திரும்புவதற்குக் கொஞ்சம் குறைவான தூரம் சைக்கிள் விட்டு, பிறகு மணப்பாறைக்கு ஓடுவதற்கு மேலாகவே ஓட வேண்டும். இவ்வளவும் சாதாரணமாக 17 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். முடிக்காதவர் எவ்வளவு பிரயாசைப்பட்டிருந்தாலும் கணக்கில் சேரமாட்டார்.

இதைக் கேள்விப்பட்ட நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார், “கொழுப்பெடுத்த பணக்காரர்களின் பைத்தியக்காரத்தனம், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்கிறார்கள். மற்றொரு சாரார், “அதெல்லாம் பூர்வ ஜன்ம பலன், தெய்வ அனுக்கிரகம் இருந்தால்தான் ஒரு தேகம் அப்படித் தாங்கும்” என்கிறார்கள். முதலாவது பேச்சில் பாதி உண்மை இருக்கின்றது. இரண்டாவது பேச்சில் உண்மை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் இரண்டையும் விசாரித்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய பல சங்கதிகள் வெளிவருகின்றபடியால் இதைப்பற்றி எழுதலாயிற்று.

முதலில் இந்தப் பந்தயம் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். எந்த ரிஷியும் ஞான திருஷ்டியில் கண்டு சொன்னதல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில், நீந்துகிறவன் பலசாலியா, சைக்கிள் விடுகிறவன் பலசாலியா, ஓடுகிறவன் பலசாலியா என்று சில விளையாட்டுக்காரர்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. கடற்படையிலிருந்த ஜான் காலின்ஸ் என்பவரும் அவர் மனைவி ஜூடி காலின்சும், “வாயால் பேசுவானேன், மூன்றையும் ஒன்றாகச் செய்து பார்த்துவிடுவோமே” என்று, அங்கே தனித்தனியாக நடந்துவந்த மூன்று பந்தயங்களின் தூரத்தையும் ஒன்றாகக் கோத்துவிட்டார்கள். 1978-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி 15 பேர் புறப்பட்டார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர் என்பவர். அவருக்கு ஆன நேரம் 11 மணி 46 நிமிஷம். இரண்டாவதாக வந்த ஜான் டன்பார் என்பவருக்குக் கூட வந்த துணையாட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீர் கொடுத்து ஓடவைத்தார்கள் என்பது அந்நாளைய வேடிக்கை. சந்தேகம் வந்தால் சாஸ்திரத்தைப் புரட்டாமல் பரீட்சை செய்து பார்ப்பது என்கின்ற குணம் அந்தத் தர்க்கத்தில் இருந்ததல்லவா? அது ஒன்றுக்காகவே நாம் அவர்களை மெச்சலாம்.

நிற்க, இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கூலிக்காகவோ பரிசுப் பணத்துக்காகவோ வருகிறவர்களல்ல. குமாஸ்தா, டாக்டர், உபாத்தியாயர், வியாபாரி என்று தங்கள் தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் பழகி வருகிறவர்கள். இவர்களுக்குத்தான் “அமெச்சூர்” என்று பெயர். பிரியத்தினால் செய்கிறவர் என்பது அந்தப் பிரெஞ்சு வார்த்தையின் பொருள். கேட்பதற்கு வெகு அழகாக இருக்கிறதல்லவா? ஆனால் இந்த வார்த்தை சீமையில் எப்படி உபயோகப்படுத்தப்பட்டது என்று தெரிந்தால், நம் ஊர் மனுதர்மத்துக்கு அங்கேயும் பங்காளிகள் இருந்தார்கள் என்று தெரியும்.

இங்கிலாந்தில் ஹென்லி என்ற இடத்தில் பேர்போன படகுப் பந்தயம் ஒன்று நடக்கின்றது. அதில் அமெச்சூர்கள்தான் கலந்துகொள்ளலாம் என்று விதி. அமெச்சூர் யார் என்பதற்கு 1879-ல் ஒரு வியாக்கியானம் எழுதினார்கள். பணத்துக்காகப் பந்தயம் விட்டவன் அமெச்சூர் அல்ல என்பது ஒரு பகுதி. அதோடு விட்டார்களா? இயந்திரத் தொழிலாளி, கைவினைத் தொழிலாளி, கூலியாள் ஆகியவர்களும் அமெச்சூர் அல்ல என்று எழுதிவைத்தார்கள். அதாவது ஒருவன் படகு விட்டு ஒரு காசும் வாங்காமல் இருந்தாலும், பிழைப்புக்காகக் கையால் உழைத்துவிட்டால் அவனுக்கு விளையாடும் யோக்கியதை கிடையாது. உழைக்கிறவனுக்குப் பலம் அதிகமாயிருக்கும், அது நியாயமான போட்டியாகாது என்று சாக்குச் சொன்னார்கள். உழைக்காமல் உட்கார்ந்திருக்கிறவனே “பிரியத்தினால்” செய்கிறவன் என்றால் இதற்கும் வருணாசிரமத்துக்கும் என்ன பேதம்?

1920-ல் அமெரிக்காவிலிருந்து ஜான் கெல்லி என்பவர் இந்தப் பந்தயத்துக்கு மனுப் போட்டார். அவர் கொத்து வேலை செய்து வந்தவர். அவருடைய சங்கத்தின் மேல் ஏற்கனவே இருந்த ஒரு தடையும், அவர் கையால் வேலை செய்தவர் என்பதும் சேர்ந்து மனுவைத் தள்ளிவிட்டார்கள். அந்த வருஷமே ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் இங்கிலாந்துக்காரரைத் தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வாங்கிக்கொண்டு போனார். பிறகு 1947-லும் 1949-லும் அவர் மகன் அதே ஹென்லியில் வந்து ஜெயித்தார். 1936-ல் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் படகுக்காரர்கள் போலீஸ்காரர்கள் என்பதனால் அவர்களையும் சேர்க்க முடியாது என்றார்கள். அதனால் எழுந்த கூச்சலுக்குப் பிறகே 1937-ல் அந்த விதி மாற்றப்பட்டது. ஜிம் தோர்ப் என்கின்ற அமெரிக்கப் பூர்வகுடி மனிதர் கதை இதைவிடக் கேவலம். 1912-ல் இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வாங்கினவரிடமிருந்து, அதற்கு முன்பு அற்பச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார் என்று சொல்லி 1913-ல் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் 1953-ல் செத்துப்போனார். 1982-ல் “சரி, திருப்பித் தருகிறோம்” என்றார்கள். அவர் மட்டுமே முதல்வர் என்று முழுமையாக ஒப்புக்கொண்டது 2022-ல்! செத்தவனுக்குப் பிண்டம் போடுகிற வழக்கம் நம் நாட்டில் மாத்திரம்தான் இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையெல்லாம் நமக்கு எதற்கு என்றால், அந்த விதிகள் எல்லாம் எடுபட்டுப் போன பிறகும் காரியத்தில் அமெச்சூர் என்றால் ஓய்வு உள்ளவன் என்றுதான் இன்றைக்கும் பொருள்படுகின்றது. இந்த நீண்ட தூரப் பந்தயத்துக்குத் தயார் செய்துகொள்ள வாரத்துக்குப் பத்து மணி முதல் பதினைந்து மணி நேரம் வரை பல மாதம் பழக வேண்டும். பந்தய சைக்கிள் லட்சக்கணக்கில் விலை. 2019-ல் கோவாவில் ஆரம்பிக்கப்பட்ட பாதித் தூரப் பந்தயத்துக்குக்கூடப் பதிவுக் கட்டணம் மாத்திரம் பல்லாயிரம் ரூபாய். ஹவாய்க்கும் சூரிச்சுக்கும் போவதென்றால் கேட்கவே வேண்டாம். மிலிந்த் சோமன் என்கின்ற நடிகர் 2015-ல் சூரிச் நகரத்தில் 49 வயதில் இதை முடித்தார் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. புகழட்டும், அவர் பட்ட பாடு உண்மைதான். ஆனால் அந்த வயதில் செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவனுக்கு வாரத்தில் பதினைந்து மணி நேரத்தை யார் கொடுப்பார்கள்? 1948-ஆம் வருஷத்து தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. பொன்மலைப் பட்டறைத் தொழிலாளிக்கு அது கிடைத்தது. வயற்காட்டுக் கூலிக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் இன்றைக்கும் அந்தக் கணக்கெல்லாம் ஏட்டோடு சரி. நம் வீட்டுப் பெண்களுக்கோ 48 மணி என்கின்ற பேச்சே கிடையாது.

“உழைக்கிறவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு? அவன் உழைப்பே பயிற்சிதானே” என்று சிலர் புத்திசாலித்தனமாகக் கேட்பார்கள். ஒருவன் பத்து மணி நேரம் மூட்டை தூக்கினால் அந்தத் தேகத்தின் பலன் மண்டிக்காரனுக்குப் போகின்றது. அவன் முதுகும் முழங்காலும் ஒரே விதமாய்த் தேய்ந்து நாற்பதில் கிழவனாகிறான். அதே மனிதன் சாயங்காலம் ஒரு மணி நேரம் தன் இஷ்டத்துக்கு ஆற்றில் நீந்தினால் அந்தத் தேகம் அவனுக்குச் சொந்தம். எஜமானனுக்காக அல்லாமல், சாமிக்காக அல்லாமல், தனக்காகவே தன் தேகத்தை ஒருவன் உபயோகப்படுத்துவது என்பது நம் நாட்டில் பெரும்பாலான ஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிட்டாத பாக்கியமாகும். ஆகவே “பணக்காரர் விளையாட்டு” என்று சொல்லி ஒதுங்குகிறவர்கள் சொல்லுவது பாதி உண்மை என்றேன். மீதிப் பாதி என்னவென்றால், அதை அவர்களிடமே விட்டுவிட்டு நாம் ஏன் ஒதுங்க வேண்டும் என்பதுதான்.

இந்தப் பந்தயத்துக்கு வேண்டியவை மூன்று. தண்ணீர், சக்கரம், தெரு. இந்த மூன்றும் நம் ஜனங்களுக்குத் தடுக்கப்பட்டிருந்த வஸ்துக்கள் என்பதை யோசித்துப் பாருங்கள் தோழர்களே! பொதுத் தெருவிலும், பொதுக் கிணறு குளங்களிலும் எல்லா ஜாதியாருக்கும் உரிமை உண்டு என்பதற்கு 1924-ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே வருஷத்தில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1927-ல் மஹாத் என்ற ஊரில் ஒரு குளத்துத் தண்ணீரைக் குடிப்பதற்கு டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான ஜனங்களை அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. குடிப்பதற்கே இந்தப் பாடு என்றால் அதில் இறங்கி நீந்தக் கற்றுக்கொள்வது எங்கே? நடப்பதற்கே தடை என்றால் ஓடிப் பழகுவது எங்கே? இவ்வளவுக்கும் பிறகு, “அந்த ஜாதியாருக்கு விளையாட்டுப் புத்தி கிடையாது” என்று சொல்லுகிறவனுடைய நாக்கை என்னவென்று சொல்வது!

சக்கரத்தைப் பற்றி ஒரு சங்கதி. நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டை 1974-ல் தனி ஜில்லாவாயிற்று. அங்கே 1991, 92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிக்காரிகள் என்று பல்லாயிரம் பெண்கள் தெருவில் சைக்கிள் விட்டார்கள். சைக்கிள் விட்ட பெண்ணைப் பார்த்துக் கேலி பேசின வாய்களெல்லாம் கொஞ்ச நாளில் களைத்துப் போயின. பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கி, முன் பாரில் குழந்தையை வைத்துக்கொண்டு போனார்கள் என்று அந்நாளில் எழுதினவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் பதக்கம் கிடையாது. ஆனாலும் பிரியத்தினால் செய்கிறவர் என்பதற்கு இவர்களைவிட நல்ல உதாரணம் ஹென்லியில் கிடைக்குமா?

தண்ணீரைப் பற்றியும் தமிழருக்குச் சொந்தமான சரித்திரம் உண்டு. நம்முடைய பாடப் புத்தகங்களில் அது கிடையாது. நமக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள பாக் நீரிணையை 1954-ல் முதன்முதலாக நீந்திக் கடந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான நவரத்தினசாமி. வல்வெட்டித்துறைப் பக்கத்திலிருந்து கோடியக்கரைக்கு வர அவருக்கு ஏறக்குறைய 27 மணி நேரம் ஆயிற்று. 1966-ல் மிஹிர் சென் என்கின்ற வங்காளத்து வக்கீல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிஷத்தில் நீந்தினார். 1971-ல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன், “ஆழிக்குமரன்” என்று ஜனங்கள் அழைத்தவர், இக்கரைக்கு வந்து அக்கரைக்குத் திரும்பியும் நீந்திக் காட்டினார். அதற்கு ஆன நேரம் 51 மணி. அவரும் ஒரு வக்கீல்தான். 1984-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள கால்வாயை நீந்தும்போது அந்தக் குளிர்ந்த தண்ணீரிலேயே உயிரை விட்டார். 1994-ல் ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் என்கின்ற பையன் 12 வயதில் அதே கால்வாயைக் கடந்ததோடு, ஒரே வருஷத்தில் ஆறு நீரிணைகளை நீந்தி மிஹிர் சென்னின் கணக்கை மிஞ்சினான்.

இராமாயணக்காரர்கள் அந்தக் கடலைக் கடக்க ஒரு குரங்குப் பட்டாளமும், மலைகளும், ஒரு பாலமும் வேண்டியிருந்தது என்று சொல்லுகிறார்கள். நவரத்தினசாமிக்கு இரண்டு கையும் இரண்டு காலும் போதுமானதாயிருந்தது. எதைக் கதாகாலட்சேபம் செய்கிறோம், எதை மறந்துவிட்டோம் என்பதைக் கொண்டே நம் அறிவின் யோக்கியதையை அளந்துகொள்ளலாம்.

இனி “தெய்வ அனுக்கிரகம்” என்கின்ற பேச்சுக்கு வருவோம். மனித தேகம் இவ்வளவு தூரம் எப்படித் தாங்குகிறது என்பது இன்றைக்கு மர்மமல்ல. தசையிலும் கல்லீரலிலும் சர்க்கரைச் சத்து ஏறக்குறைய இரண்டாயிரம் கலோரி அளவுக்குத்தான் சேமித்து வைக்க முடியும். இந்த முழுப் பந்தயத்துக்கோ எட்டாயிரம் கலோரிக்கு மேலும் செலவாகும். ஆதலால் மத்தியில் தின்றுகொண்டே போகாதவன் யாராயிருந்தாலும் ஒரு கட்டத்தில் கால் பின்னி விழுவான். மந்திரம் ஜெபித்தாலும் விழுவான், ஜெபிக்காவிட்டாலும் விழுவான். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினால் இருதயம் ஒரு அடிப்பில் தள்ளும் இரத்தம் அதிகமாகின்றது, தசை கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொள்கின்றது. வெய்யிலில் பத்துப் பதினான்கு நாள் பழகினால் வியர்வை சீக்கிரம் வருகிறது, அதில் உப்பு குறைகிறது. இதெல்லாம் காரணகாரியம். அளவு தவறினால் தண்ணீரும் கொல்லும். 2002-ல் பாஸ்டன் மராத்தானில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு, அதிகமாகத் தண்ணீர் குடித்ததனாலேயே பெரும்பாலும், இரத்தத்திலுள்ள உப்பு இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே குறைந்திருந்தது. தீர்த்தம் என்று பெயர் வைத்துக் குடித்தாலும் இந்த விதி மாறாது.

நம் ஜில்லாவில் இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. சமயபுரத்து அம்மன், பக்தர்களுக்காக மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறதாம். கல்லுக்குப் பட்டினி என்ன, விருந்து என்ன என்பது ஒரு புறமிருக்கட்டும். அந்த நாட்களில் அதற்குப் படைப்பது என்ன தெரியுமா? துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர். அதாவது மாவு, உப்பு, வெல்லம், தண்ணீர்! ஹவாயில் ஓடுகிறவன் நூற்றுக்கணக்கில் டாலர் கொடுத்துப் பொட்டலத்தில் வாங்கித் தின்கிற சாமான் இதுதான். அசையாமல் உட்கார்ந்திருக்கிற அம்மனுக்கு இது எதற்கு? அதைப் பார்க்க வெறுங்காலில் நாற்பது ஐம்பது மைல் நடந்து வருகிற கூலிக்காரிக்கல்லவா இது வேண்டும்!

அந்த நடையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சமயபுரத்துக்கும் பழனிக்கும் வருஷந்தோறும் லட்சக்கணக்கான ஏழை ஜனங்கள் நடக்கிறார்கள். திருச்சியிலிருந்து பழனி நூறு மைலுக்குக் கிட்ட இருக்கும். செருப்பில்லாமல், தார் ரோட்டில், தலையில் மூட்டையோடு நடக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து கண் விழித்து, சோறில்லாமல், நெரிசலில் ஆயிரக்கணக்கானவர் நின்று விடியற்காலையில் ஒரு வாசலைக் கடக்கிறார்கள். இந்த ஜனங்களுக்குச் சக்தி இல்லை, மன உறுதி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அந்த உறுதியை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். நான் கேட்பதெல்லாம், நடந்தது யார் கால் என்பதுதான். கொப்புளம் உன் காலில், புகழ் மட்டும் சாமிக்கா? ஊர் திரும்பினவுடன் “என்னால் என்ன ஆகும், எல்லாம் அவள் செயல்” என்று சொல்லுகிற மனிதன், தான் நூறு மைல் நடந்தவன் என்பதையே மறந்துவிட்டு, மறுநாள் மிராசுதார் முன்னால் கைகட்டி நிற்கிறான்.

கர்மபலன்காரர்களுக்கும் இந்தப் பந்தயத்தில் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ரிக் ஹாய்ட் என்பவர் பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டு, கை கால் வசமில்லாமல், பேச்சும் இல்லாமல் இருந்தவர். நம் ஊராயிருந்தால் முன் ஜன்மத்துப் பாவம் என்று ஒரு ஜோசியன் பரிகாரத்துக்குப் பட்டியல் போட்டிருப்பான். அவருடைய தகப்பனார் டிக் ஹாய்ட் என்ன செய்தார்? மகனை ஒரு சிறு படகில் வைத்துத் தான் நீந்தி இழுத்தார், சைக்கிளின் முன்னால் ஆசனம் கட்டி உட்காரவைத்து மிதித்தார், பிறகு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். 1989-ல் ஹவாயில் முழுப் பந்தயத்தையும் இருவரும் முடித்தார்கள். 2020-ல் டவுன் சின்ட்ரோம் என்னும் நிலையோடு பிறந்த கிறிஸ் நிகிக் என்ற வாலிபர், தானே நீந்தி, மிதித்து, ஓடி 16 மணி 46 நிமிஷத்தில் முடித்தார். 2022-ல் ஆட்டிசம் உள்ள ஜியா ராய் என்கின்ற 13 வயதுப் பெண் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 10 நிமிஷத்தில் நீந்தி வந்தாள். இந்தப் பெண்ணின் தலையெழுத்தை எழுதின பிரம்மா எந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தானோ தெரியவில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட தூரம் ஓடினால் பெண்ணுக்குக் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று மேல்நாட்டிலும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியவுடன் களைத்துவிட்டார்கள் என்று காரணம் சொல்லி, 1960 வரைக்கும் அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆண்கள் ஓடி விழுந்தால் வீரம், பெண்கள் விழுந்தால் பலவீனம்! 1967-ல் பாஸ்டன் மராத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் எண் கட்டிக்கொண்டு ஓடினபோது, பந்தய அதிகாரி ஒருவரே பின்னால் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தார். 1972-ல்தான் அங்கே பெண்களைச் சேர்த்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் வந்தது 1984-ல். ஆனால் இந்த அயர்ன்மேனில் இரண்டாவது வருஷமே, 1979-ல், லின் லெமேர் என்ற பெண் கலந்துகொண்டு மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். 2012-ல் மடோனா பூடர் என்ற கிறிஸ்தவக் கன்னியாஸ்திரீ 82 வயதில் முழுத் தூரத்தையும் முடித்தார். அவர் ஜெபம் செய்துகொண்டே ஓடுவாராம். செய்யட்டும். ஆனால் 48 வயதிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் ஓடிப் பழகினதை ஜெபத்தின் கணக்கில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? புதுக்கோட்டை ஜில்லா கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளுக்குப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-ல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். உடனே அவருடைய தேகத்தைப் பரிசோதித்து, நீ பெண்ணென்ற கணக்கில் சேரமாட்டாய் என்று பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் மருந்து தின்று ஏமாற்றவில்லை. பிறந்தபடி ஓடினார். தோற்றுப் போனவரை உன் தேகம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. ஜெயித்தவர் ஏழைப் பெண்ணாயிருந்தால் தேசமே வேடிக்கை பார்க்கிறது.

இவ்வளவு சொன்னதனால் இந்தப் புதிய பந்தயக்காரர்கள் எல்லோரும் பகுத்தறிவுவாதிகள் என்று யாரும் மோசம்போக வேண்டாம். அங்கேயும் ஒரு புது மதம் கிளம்பிக்கொண்டிருக்கிறது. முடித்தவர்கள் அந்தக் கம்பெனியின் சின்னத்தைக் கெண்டைக்காலில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். நாமம் வடகலையா தென்கலையா என்று வழக்காடின வைணவர்கள் உள்ள நாட்டில் இது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. முடிவுக் கோட்டில் ஒருவர் ஒலிபெருக்கியில் “நீ இரும்பு மனிதன்” என்று பெயர் சொல்லிக் கூவ, கேட்டவர்கள் மந்திரோபதேசம் பெற்றவர்களைப் போல் அழுகிறார்கள். தாயத்துகூட உண்டு. “பவர் பாலன்ஸ்” என்று ரப்பர் வளையல் ஒன்றை, கையில் மாட்டினால் பலமும் நிதானமும் வரும் என்று உலகமெங்கும் விற்றார்கள். படித்த விளையாட்டுக்காரர்களே மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். 2010 கடைசியில் ஆஸ்திரேலிய சர்க்கார் நெருக்கினவுடன், எங்கள் பேச்சுக்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. நம் ஊர் மந்திரவாதி இதுவரை அந்த அளவுக்குக்கூட யோக்கியதையாய் நடந்துகொண்டதில்லை.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பந்தயத்தில் நேர்ந்திருக்கிற மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில் நேர்ந்தவை. நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று ஆசை பிறந்தவர்கள் டாக்டரிடம் இருதயத்தைக் காட்டாமல், திறந்த தண்ணீரில் பழகாமல் இறங்குவது வீரமல்ல.

இப்போது நமது ஆற்றங்கரைக்கு வருவோம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் கொள்ளிடமும் ஒரு பக்கம் காவிரியுமாக ஓட, நடுவிலிருக்கிற தீவு ஸ்ரீரங்கம். சுற்றிலும் தண்ணீர். இந்த ஊரில் பிறந்த குழந்தை நடக்கிறதற்கு முன்னால் நீந்த வேண்டாமா? ஆனால் அம்மா மண்டபத்துப் படித்துறையில் போய்ப் பாருங்கள். ஆடிப் பெருக்கென்றும், அமாவாசை என்றும், திதி என்றும் ஆயிரக்கணக்கான பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகுகிறார்கள். பாவம் போகிறதாம். அவர்களில் கால் வழுக்கினால் பத்தடி நீந்திக் கரையேறத் தெரிந்தவர் எத்தனை பேர்? முழுகத் தெரிந்த ஊராயிருக்கிறதே தவிர நீந்தத் தெரிந்த ஊராயில்லை. மணல் அள்ளின பள்ளங்கள் ஆற்றின் அடியில் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. காவிரியில் குளிக்கப் போன மாணவர்கள் இறந்தார்கள் என்கின்ற செய்தி முசிறிப் பக்கத்திலிருந்தும் குளித்தலைப் பக்கத்திலிருந்தும் வராத வருஷம் உண்டா? இந்தியா முழுவதும் வருஷத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்பது சர்க்கார் கணக்கு. இவர்களைக் கங்கையும் காவிரியும் மோட்சத்துக்கு அழைத்துக்கொண்டன என்று சொன்னால் அவர்களைப் பெற்றவள் ஒப்புக்கொள்வாளா?

திருச்சியில் அண்ணா விளையாட்டரங்கில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. ஜில்லா முழுமைக்கும் அது எம்மாத்திரம்? தென்னூர்க் குழந்தைகளும் பாலக்கரைக் குழந்தைகளும் ஒரு காலத்தில் குதித்து விளையாடின உய்யக்கொண்டான் வாய்க்காலில் இப்போது சாக்கடை ஓடுகிறது. கும்பாபிஷேகத்துக்கு வசூல் புத்தகம் தூக்குகிறவர்கள் இந்த வாய்க்காலுக்காக ஒரு நாள் தூக்கினதாக நான் கண்டதில்லை. ஆகவே கார்ப்பொரேஷன் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியாயிருந்தாலும், நம் தோழர்கள் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பெண் குழந்தைகள் உள்படச் சகலருக்கும் பத்து வயதுக்குள் நீச்சல் கற்றுக்கொடுக்க என்ன ஏற்பாடு? காவிரியில் தண்ணீர் வருகின்ற மாதங்களில், ஆழம் பார்த்து, கயிறு கட்டி, காவலுக்கு ஆள் போட்டு, ஜாதி கேட்காமல் இறங்கக்கூடிய நீச்சல் துறை ஒன்று இக்கரையில் ஒன்று அக்கரையில் ஏன் இருக்கக்கூடாது? பெண்களுக்கு அங்கே தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் உண்டா? காவேரிப் பாலத்தில் சைக்கிள்காரனுக்கென்று ஒரு முழ அகலமாவது ஒதுக்க முடியுமா? குளத்துக்குக் கட்டணம் வைத்தால், ஒரு நாள் கூலியில் எத்தனை பங்கு என்று பார்த்து வைப்பார்களா?

இதற்கெல்லாம் பணம் ஏது என்று அவர்கள் கேட்டால், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காகச் சில நாட்களுக்குப் பந்தலும், தடுப்புக் கட்டையும், விளக்கும், போலீசும் எந்தப் பணத்தில் வருகிறதோ அந்தக் கணக்கை முதலில் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.